குனியாமல் நுழைய ஒரு வாசல்

போன வருஷம் தை மாதம், ஆரம்பாக்கத்தில் வாங்கிப்போட்டிருந்த நாலு சென்ட் மனையில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டுவது என்று முடிவானது. நான் முதலில் செய்த காரியம் பின்டெரெஸ்ட்டில் ஒரு போர்டு தொடங்கியது. ஐ.டி.க்காரர்கள் வீடு கட்டும் லட்சணம் இதுதான். கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன்னால் படம் பார்ப்போம். போர்டுக்கு 'காட்டேஜ்' என்று பெயர் வைத்தேன். மூன்று வாரத்தில் இருநூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்துவிட்டன. சரிந்து இறங்கும் ஓலைக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாசலில் பூங்கொடி ஏறிய வளைவு, குறுக்கே இரண்டாக வெட்டியது போல மேல்பாதி மட்டும் திறந்துகொள்ளும் கதவு. அந்தக் கதவுக்கு 'டச்சு டோர்' என்று பெயராம். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, நிதானமாகப் பார்த்தார்.

"இன்னாடி இது, குடிசை மாரி கீது?"

"காட்டேஜும்மா."

"காட்டேஜுன்னா?"

தமிழில் சொல்ல வார்த்தை தேடினேன். குடில், சிறுவீடு என்று என்னென்னவோ வாயில் வந்தது. எதுவும் நேர்மையாக இல்லை. குடிசை என்பதுதான் சரியான சொல். அம்மா அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"குடிசைய உட்டு வெளிய வர்றதுக்கு எனுக்கு இருபத்திரெண்டு வருசம் ஆச்சி. நீ காசு குடுத்து உள்ள போறேன்றியே பாப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கருவாடு காயவைக்கப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் என்னைப் படங்களிலிருந்து பிடுங்கி வரலாற்றுக்குள் தள்ளியது.

*

'காட்டேஜ்' என்ற சொல்லின் கதையைத் தேடிப் படித்தால், அது முழுக்க அம்மா பக்கம் நிற்கிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் அந்தச் சொல்லுக்கு ஏழைக் கூலிக்காரன் குடியிருக்கும் சிறுகுடிசை என்றுதான் பொருள். 1589இல், முதலாம் எலிசபெத் காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். குறைந்தது நாலு ஏக்கர் நிலத்தைச் சேர்த்துக் காட்டாமல் யாரும் புதிதாகக் காட்டேஜ் கட்டக்கூடாது என்றது அது. பிழைக்க வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டு ஊரிலேயே தங்கிவிடுவார்கள் என்ற பயம். நாலு ஏக்கர் என்றால் நானூறு சென்ட். என் கையில் இருப்பது நாலு சென்ட். அந்தச் சட்டப்படி எனக்குக் காட்டேஜ் கட்ட அருகதையே இல்லை.

அந்தச் சட்டத்தை 1775இல்தான் நீக்கினார்கள். அடுத்த சில வருஷங்களில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரான்ஸில், காற்று திசை மாறியது. 1783இல் ராணி மரி அன்டோனெட் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குள் ஒரு பொய்க் கிராமம் கட்டத் தொடங்கினார். ஓலை, ஓட்டுக் கூரை போட்ட வீடுகள், பால் பண்ணை, குளம், ஆலை. வீடுகள் பழசாகத் தெரியவேண்டும் என்று புதுச் சுவரில் விரிசல்களைப் பெயின்டால் வரைந்தார்கள். உள்ளே போனால் ராணி வீட்டுச் சாமான்கள். நிஜக் குடியானவன் விரிசலை மெழுகி மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே நாட்டில், அதே வருஷங்களில்.

1811இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே, ஒரு பேங்க் முதலாளி தன் பண்ணையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்காக ஜான் நேஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து ஒன்பது காட்டேஜ்கள் கட்டினார். பிளெய்ஸ் ஹேம்லெட் என்று பெயர். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நான் சேமித்த படங்களில் பாதிக்கு இதுதான் பாட்டன். வயதான வேலைக்காரர்களுக்கு நல்ல வீடு கிடைத்தது உண்மை. முதலாளிக்கு ஜன்னல் வழியே பார்க்க அழகான ஏழ்மை கிடைத்ததும் உண்மை.

நம் பக்கத்திலிருந்து போன குடிசையும் ஒன்று உண்டு. 'பங்களா'. வங்காளத்துக் கிராமத்து ஓலைவீட்டின் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வந்திறங்கிய ஆங்கிலேயர்கள் அந்த மாதிரி வீட்டில் தங்கினார்கள், பிறகு அதைப் பெரிதாக்கி அதிகாரிகளுக்குக் கட்டினார்கள். 1870 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் பணக்காரர்கள் விடுமுறைக்குப் பங்களா கட்டிக்கொண்டார்கள். சொல் ஊர் சுற்றித் திரும்பி வந்தபோது தமிழில் 'பங்களாக்காரர்' என்றால் பணக்காரர். குடிசையை ஏழையிடமிருந்து பிரித்து எடுத்துவிட்டால் அது ஸ்டைல் ஆகிவிடுகிறது. பிரிக்க முடியாமல் அதற்குள்ளேயே கிடப்பவர்களுக்கு அது குடிசைதான்.

*

அம்மா பிறந்தது ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் நமக்கு. ஆரம்பாக்கம் அந்த எல்லையில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரு பக்கம் கொல்கத்தா ஹைவேயில் லாரிகள், இன்னொரு பக்கம் கூடூர் ரயில். டீக்கடையில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். அம்மா தன் அப்பாவை 'நைனா' என்றுதான் சொல்வார்.

அந்தக் குடிசை எப்படி இருந்தது என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். வேலையில் யூசரிடம் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாக.

மண் சுவர், பனை ஓலைக் கூரை. ஓலை வெயிலில் காய்ந்து, பாரம் வைத்துத் தட்டையாக்கி, பனை நாரால் கட்டப்படும். கூரை நல்ல செங்குத்தாக இறங்கும். சரிவு குறைந்தால் மழைத் தண்ணீர் ஓலைமேல் தங்கி ஊறிவிடும். எரவாணம் ஆள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஏரிக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கும் ஊரில் உயரமாகக் கூரை போட்டால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். ஆந்திரக் கரையோரத்தில் 'சுட்டில்லு' என்று வட்டமாக வீடு கட்டுவார்கள். அதற்கும் இதே கணக்குதான். தாழ்ந்த எரவாணம், காற்று பிடிக்க மூலை இல்லாத வட்டச் சுவர். எந்த இன்ஜினியரும் சொல்லிக்கொடுக்காமல் புயல் சொல்லிக்கொடுத்த டிசைன்.

ஜன்னல் கிடையாது. அதனால் உள்ளே பகலிலும் இருட்டு. வலை பின்னுவது, மீன் ஆய்வது, பிள்ளைக்குத் தலை வாருவது, சண்டை போடுவது எல்லாம் வாசலில், எரவாண நிழலில். உள்ளே தூங்குவதும் அடுப்பும் மட்டும். "வாசல்தான் ஊடு. ஊடு வந்து சும்மா பொட்டி மாரி" என்றார் அம்மா. நான் உடனே போனில் குறித்துக்கொண்டேன். எனக்குத் தேவையான 'இன்ஸ்பிரேஷன்' கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்த எரவாணம் அழகா இருந்திருக்கும் இல்லம்மா? குனிஞ்சு நுழையறது..."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஒரு கடும்புயல் கரையேறியது. குப்பத்தில் பாதிக் கூரைகள் போயின. அம்மா வீட்டில் கூரையோடு ஒரு சுவரும் போனது. எடுத்துக் கட்டினார்கள். மூன்று வருஷம் கழித்துத் தாத்தா படுக்கையாகி இறந்துபோனார். பாடையை வெளியே எடுக்க வாசல் போதவில்லை. குறுக்கிலும் வரவில்லை, நெடுக்கிலும் வரவில்லை. தூக்குகிறவர்கள் குனிந்தால் பாடை சாய்கிறது. கடைசியில் எரவாணத்தை அறுத்து, முன்பக்கத் தட்டியைப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

"செத்ததுக்கு அப்புறமும் நைனா நிமிந்து போக முடியல. கூரைய அறுக்கிற சத்தம் இருக்கு பாரு, அது இன்னும் காதுல கீது."

வாசல் சின்னதாக இருந்தது அழகுக்காக இல்லை. ஓலையும் மரமும் வாங்கப் பணம் இல்லை, காற்றுக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயமும் பணமின்மையும் சேர்ந்த அளவுதான் அந்த வாசல்.

ஓலைக் கூரையை நினைத்தால் தமிழ்நாட்டில் வேறு நினைவுகளும் வரும். 1968இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கூரை பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்ற கண்டிப்பு வந்தது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம். ஆட்சி மாறினாலும் ஒரு விஷயத்தில் கோடு மாறவில்லை, குடிசையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை. 2024 திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ரோஜா, பச்சை, ஊதா என்று பெயின்ட் அடித்த அந்தப் பெட்டி வீடுகளை ரசனை இல்லாதவை என்று நானே சொல்லியிருக்கிறேன். உள்ளே வெக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் எரியாது, பறக்காது. அந்த நிறங்கள் ஒரு குடும்பம் ஓலையிலிருந்து வெளியே வந்துவிட்டதை ஊருக்குச் சொல்லும் நிறங்கள்.

*

ஆனாலும் 'டச்சு டோர்' ஆசை விடவில்லை. டச்சுக்காரர்கள் ஏரியின் தென்கோடியில்தானே இருந்தார்கள், நிஜமான ஒரு டச்சு வாசலைப் பார்த்துவிடலாமே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து போன துணியின் புகழ் 'பழையகாட் லுங்கி' என்ற பெயரில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெடிமருந்தும் செய்தார்கள். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. வீடுகளோ கதவுகளோ கிடையாது. நான் பார்த்தவரை, டச்சுக்காரர்கள் விட்டுப்போனதில் முழுசாக நிற்கும் வாசல் ஒன்றே ஒன்றுதான். அது அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசல். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள். நுழைகிறவனே, நீயும் இப்படித்தான் ஆவாய் என்று நினைவுபடுத்துவது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பழக்கம்.

அம்மா அந்த எலும்புக்கூட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, "செத்தவனுக்கு எவ்ளோ பெரிசா வாசல் வெச்சிக்கிறான் பாரு" என்றார்.

இன்னொரு விஷயத்தை அங்கே நின்றபோது அம்மாவிடம் சொன்னேன். இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. 1620களிலிருந்து சில பத்தாண்டுகள், பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மனிதர்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, கம்பெனிக் கப்பல்களில் படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் விட்டுப்போன வீடுகளும் அம்மா பிறந்தது மாதிரியான ஓலை வீடுகளாகத்தான் இருந்திருக்கும். அவற்றுக்கு நினைவுக்கல் இல்லை. பின்டெரெஸ்ட் சொல்லும் டச்சுக் கதவு ஹாலந்து குடியானவன் வீட்டுக் கதவு. பன்றியும் கோழியும் உள்ளே வராமல் கீழ்ப்பாதியை மூடி, வெளிச்சத்துக்காக மேல்பாதியைத் திறந்து வைப்பது. அந்தக் கதவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பழவேற்காட்டில் அது வேறு மாதிரி தெரிந்தது.

டச்சு வீட்டில் இன்னொன்று உண்டு. வாசற்கதவுக்கு முன்னால் கொஞ்சம் உயர்த்திக் கட்டிய மேடை. அவர்கள் மொழியில் 'ஸ்டூப்'. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் அதை நியூ ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் நியூயார்க் ஆன பிறகும் வாசற்படிக்கு 'ஸ்டூப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பழவேற்காட்டை ஆண்ட அதே கம்பெனி 1652இல் ஆப்பிரிக்காவின் கேப் முனையில் இறங்கியபோது அங்கேயும் ஸ்டூப் போனது. இங்கே வந்து பார்த்திருந்தால் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. இங்கே அது ஏற்கெனவே இருந்தது. திண்ணை.

*

மரைக்காயர் தெருப் பக்கம் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கினோம். நான் சட்டென்று உட்கார்ந்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த பெரியவர், "உக்காருங்கம்மா, எதுக்கு நிக்கிறீங்க" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விளிம்பில் உட்கார்ந்தார்.

திண்ணையைப் பற்றி நம் ஆட்கள் எழுதினால் உருகிவிடுவார்கள். வழிப்போக்கனுக்குப் படுக்க இடம், ஊர்க்கதைக்கு மேடை, பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம். எல்லாம் உண்மை. போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து 'பயால்' என்று அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே உருவாகி, ஆங்கிலேயர் காலத்தில் 'பயால் ஸ்கூல்' என்று எழுதினார்கள். ஆனால் திண்ணை என்பது ஓர் அளவுகோலும்கூட. தெருவில் நிற்பவர், படியில் நிற்பவர், திண்ணையில் உட்காருபவர், நடை தாண்டி உள்ளே போகிறவர். யார் எதுவரை என்பது சாதியாலும் காசாலும் முடிவானது. வாசற்படியின் ஒவ்வொரு கல்லும் ஒரு பதில்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார். ஆரம்பாக்கத்தில் இறால் வாங்கும் ஏஜென்ட் ஒருவர் வீட்டில் பெரிய திண்ணை இருந்ததாம். தாத்தா வாரக்கணக்கு முடிக்கப் போவார். கூடையை இறக்கிவிட்டுக் கணக்கு முடியும் வரை நிற்பார், ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். கடன் வாங்கியவர் உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

ஏரியில் வேறு ஒரு முறை இருந்தது. பழவேற்காட்டைச் சுற்றிய பட்டினவர் ஊர்களில் அதற்கு 'பாடு' என்று பெயர். நல்ல மீன் விழும் இடம், சுமாரான இடம் என்று ஏரியைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறைவைத்து இறங்குவார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம், நாளைக்கு எனக்கு. அதற்குள்ளும் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற கணக்கு இருந்தது, வெளியாட்களுக்கு இடமில்லை. ஆனால் பங்குள்ளவர்களுக்குள் ஒருவன் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் நிரந்தரமாக நிற்கிற ஏற்பாடு அதில் இல்லை. தாத்தாவுக்குத் தண்ணீரில் கிடைத்த முறை கரையில் கிடைக்கவில்லை.

அன்று இரவு போர்டைத் திறந்து, ஒவ்வொரு வாசலையும் திரும்பப் பார்த்தேன். கொடி, வளைவு, விளக்கு எல்லாம் இருந்தன. எந்தப் படத்திலும் ஆள் இல்லை. யார் உள்ளே வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்று எந்தப் படமும் சொல்லவில்லை. நான் இத்தனை நாளும் தேடியது வாசலின் அலங்காரத்தைத்தான். வாசலை அல்ல.

*

பிளானை அம்மாவிடம் விட்டேன். அவர் மூன்று விஷயங்கள் மட்டும் சொன்னார். மேலே ஓலை வேண்டாம். திண்ணை வேண்டும், ரெண்டு பக்கமும், அகலமாக. "மீன் விக்கிறவ, குப்ப எடுக்கிறவன், எவன் வந்தாலும் கேக்காம உக்காரணும். உள்ள எட்டிப் பாத்து 'உக்காரட்டுமா'ன்னு கேக்கிற மாரி வெக்காதே." அதனால் திண்ணைக்குக் கேட்டோ கம்பியோ கிடையாது, தெருவோடு சேர்ந்து நிற்கிறது. மூன்றாவது, கதவு.

வீடு கான்கிரீட். முன்பக்கம் மட்டும் திண்ணைக்கு மேல் சரிவாக ஓடு இறங்குகிறது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிவைத்த அதே வகை ஓடு. எரவாணம் ஏழடி உயரத்தில் நிற்கிறது. நிழல் அந்தக் குடிசையிலிருந்து வந்தது, உயரம் அம்மாவிடமிருந்து வந்தது. என் ஆசைக்காகத் திண்ணைக்கு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஏரியடியில் புதைந்து கிடக்கும் சிப்பிகளைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு இந்தப் பக்கத்தின் பழைய தொழில். பக்கத்தில் ஓர் ஊருக்கே சுண்ணாம்புக்குளம் என்று பெயர். அதைக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தார். மெதுவாகத்தான் இறுகும், பொறுக்கணும்மா என்றார். பொறுத்தோம். இப்போது உட்கார்ந்தால் சித்திரையிலும் சில்லென்று இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் தெருவே வந்து அங்கே உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறது.

நிலை வைத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தச்சர் மூன்றடி அகலத்துக்கு ஒற்றைக் கதவு போதும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வாடகை வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவரச் சொன்னார். நானும் தச்சரும் முன்னால், கொத்தனாரும் அவர் கையாளும் பின்னால். கட்டிலைத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக்கு ஓர் ஆள் நடக்கிற இடம் விட்டு, உள்ளேயிருந்து வெளியே வரச் சொன்னார். இடித்தது. நிலையை நாலடியாக்கி, உயரம் ஏழடியாக்கி, ரெட்டைக் கதவு என்று முடிவு செய்தோம். செங்கல்லை அடுக்கி அளவு வைத்து மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை யாரும் குனியவில்லை, கட்டில் சாயவில்லை.

தச்சர் எதற்கு இது என்று கேட்கவில்லை. அவருக்கும் புரிந்திருக்கும். அம்மா திண்ணை கட்டப்போகும் இடத்தில் செங்கல் மேல் உட்கார்ந்து, "சரி, போதும். இப்போ டீ வாங்கியா" என்றார்.